உறை இல்லாத சில்லறை

மணிலா விமான நிலையத்துக்கு வெகு அருகில், வளைகுடாவின் ஓரத்தில், ஃப்ரீடம் ஐலண்ட் என்றொரு சிறு தீவு இருக்கிறது. 1970களில் கடற்கரைச் சாலை அமைத்தபோது கொட்டிய மண்ணால் உருவான செயற்கைத் தீவு அது. இன்று அங்கே அலையாத்தி மரங்கள் அடர்ந்திருக்கின்றன, வலசைப் பறவைகள் வந்து இறங்குகின்றன. அதைச் சேர்ந்த லாஸ் பின்யாஸ் – பரானியாக்கே ஈரநிலம் 2013இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பிலிப்பைன்ஸ் செல்லும் சுற்றுலாப் பயணிகள் பவளத் தீவுகளுக்கு விமானம் மாறும் அவசரத்தில் இந்த இடத்தைக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த நாட்டின் அன்றாட வாழ்க்கை எப்படி நடக்கிறது என்பதை இந்தக் கரையில் படித்துவிடலாம். அலையாத்தியின் மூச்சுவேர்களில் சிக்கிக் கிடப்பவை பெரும்பாலும் பாட்டில்கள் அல்ல. உள்ளங்கையைவிடச் சிறிய, ஓரம் கிழிந்த, உள்பக்கம் வெள்ளி போல மின்னுகிற பாக்கெட்டுகள்தான்: ஷாம்பூ, சலவைத்தூள், காபித்தூள், பாத்திரம் கழுவும் திரவம். 2017இல் கிரீன்பீஸும் ‘பிரேக் ஃப்ரீ ஃப்ரம் பிளாஸ்டிக்’ இயக்கமும் இந்தக் கரையில் 50,000க்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் துண்டுகளைப் பொறுக்கி, எது எந்த நிறுவனத்தின் உறை என்று எண்ணின. பட்டியலின் தலையில் நின்றவை உலகறிந்த பெருநிறுவனங்கள். குப்பைக்கு முகவரி இல்லை என்று அதுவரை நம்பியவர்களுக்கு அந்தக் கணக்கெடுப்பு முகவரியைக் காட்டியது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019இல், காயா என்ற குப்பை ஒழிப்பு இயக்கங்களின் கூட்டமைப்பு வெளியிட்ட ஆய்வு, பிலிப்பைன்ஸ் மக்கள் ஒரு நாளைக்கு 16.4 கோடி சாஷே பாக்கெட்டுகளைப் பயன்படுத்துவதாக மதிப்பிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 கோடி. சுமார் 11 கோடிப் பேர் வாழும் நாட்டில், ஆளுக்குத் தினமும் ஒன்றரைப் பாக்கெட். எண்ணிக்கையைவிடக் கவலை தருவது அந்தப் பாக்கெட்டின் கட்டமைப்பு. பாலியெஸ்டர், அலுமினியப் படலம், பாலிஎதிலீன், இடையிடையே பசை, மேலே மை என்று மயிரிழையிலும் மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்தது அது. ஈரமும் காற்றும் உள்ளே புகாமல் காக்கும் அதே ஒட்டுதான், பயன்படுத்திய பிறகு அடுக்குகளைப் பிரிக்க விடாமல் தடுக்கிறது. குப்பை பொறுக்கிப் பிழைப்பவர் பெட் பாட்டிலைக் குனிந்து எடுப்பார், அட்டைப்பெட்டியை எடுப்பார், இதை எடுக்கமாட்டார். ஆயிரம் சேர்த்தாலும் ஒரு கிலோ தேறுமா என்பது சந்தேகம், தேறினாலும் வாங்க ஆளில்லை. ஆகவே அது சாக்கடைக்குப் போகிறது, சாக்கடையிலிருந்து பாசிக் ஆற்றுக்கும் வளைகுடாவுக்கும் போகிறது.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையின் தொடக்க வரலாற்றில் கடலூருக்கு முக்கியமான இடம் உண்டு. 1970களில் அங்கே சின்னி கிருஷ்ணன், பணக்காரர் வாங்குவதை உழைக்கும் மக்களும் வாங்கும்படி விலையைச் சில்லறையாக்க வேண்டும் என்று பாடுபட்டார். அவருடைய பிள்ளைகள் அதை வெல்வெட், சிக் என்று நாடறிந்த பெயர்களாக வளர்த்தார்கள். அந்த எண்ணத்தில் தவறு எதுவும் இல்லை. கூலி வாங்கிய கையோடு இன்றைய தேவைக்கு மட்டும் வாங்குகிற மனிதரை மதித்த வியாபாரம் அது. ஆனால் அளவைச் சிறிதாக்க வேண்டும் என்ற நல்ல நோக்கமும், ஒவ்வோர் அளவையும் தனித்தனி உறையில் போட வேண்டும் என்ற தொழில்நுட்பமும் அன்று ஒன்றாகப் பிணைந்துவிட்டன. இரண்டும் பிரிக்க முடியாதவை என்று இன்றுவரை நம்ப வைக்கப்பட்டிருக்கிறோம். மணிலாப் பெருநகரத்தின் வடகிழக்கில், கேசோன் சிட்டியின் பெட்டிக்கடைகளில், அந்தப் பிணைப்பை அவிழ்த்துப் பார்க்கிறார்கள். அதனால்தான் அந்த ஊர் நாம் போய்ப் பார்த்துக் கற்க வேண்டிய இடமாகிறது.

கடற்கரையிலிருந்து எட்சா நெடுஞ்சாலை வழியாக வடக்கே போனால் கேசோன் சிட்டி. 2020 கணக்கெடுப்பில் 29.6 லட்சம் மக்கள். நாட்டிலேயே அதிக மக்கள் வாழும் நகரம். பல்கலைக்கழகமும் தொலைக்காட்சி நிலையங்களும் வணிக வளாகங்களும் ஒரு பக்கம் என்றால், தகரக்கூரைக் குடியிருப்புகள் இன்னொரு பக்கம். அந்த இன்னொரு பக்கத்தின் கடைசியில் இருப்பது பாயாடாஸ். 2000ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று, நாள்கணக்கில் கொட்டிய மழையில், அங்கிருந்த குப்பைமலை சரிந்து அடிவாரத்துக் குடிசைகளை மூடியது. இறந்தவர்கள் இருநூறுக்கும் மேல். குப்பையைப் பிரித்து விற்று வாழ்ந்த குடும்பங்கள் அந்தக் குப்பைக்கு அடியிலேயே புதைந்தன. அடுத்த சில மாதங்களில் நாடாளுமன்றம் திடக்கழிவு மேலாண்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. பாயாடாஸ் கிடங்கு 2017இல் ஒரேயடியாக மூடப்பட்டது. குப்பை லாரிகள் இப்போது பக்கத்து ரிசால் மாகாணத்துக்குப் போகின்றன. மேடு வேறிடத்துக்கு மாறியிருக்கிறதே தவிர, அதற்குத் தீனி போடும் பழக்கம் மாறவில்லை. இப்படியொரு நினைவைச் சுமக்கும் நகரம் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்ததும், பிறகு சாஷேயின் பக்கம் கவனத்தைத் திருப்பியதும் இயல்பானவைதான்.

சாஷே விற்கும் இடத்தைப் பார்க்காமல் அதற்கு மாற்றுச் சொல்ல முடியாது. அந்த இடம் சாரி-சாரி கடை. நாடு முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தகைய கடைகள் இருப்பதாகக் கணக்கு. வீட்டின் முன்னறையே கடை, பெரும்பாலும் நடத்துபவர் பெண். முன்பக்கம் முழுக்கக் கம்பிவலை. அதில் காசு வாங்கிச் சாமான் நீட்டுவதற்குச் சின்னதாக ஒரு திறப்பு. வலைக்கு உள்ளே மேலிருந்து கீழாகச் சரம் சரமாகப் பாக்கெட்டுகள் தொங்கும். வெளியே நின்று நாணயத்தால் கம்பியைத் தட்டிக் கூப்பிட்டால், உள்ளிருக்கும் அக்கா ஒரு பாக்கெட்டைச் சரத்திலிருந்து கிழித்துக் கொடுப்பார். சிகரெட்டும் ஒன்றாகக் கிடைக்கும், பூண்டும் ஒரு பல்லாகக் கிடைக்கும். கையில் காசில்லாத நாளில் கடன் நோட்டில் எழுதிக்கொள்வார். தெருவில் யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யாருக்கு வேலை போயிற்று என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நம்மூர் அண்ணாச்சி கடை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சில தலைமுறைக்கு முன் இதே கடைகளில் வினிகரும் சோயா சாஸும் சமையல் எண்ணெயும் மண்ணெண்ணெயும் வாடிக்கையாளர் கொண்டுவந்த புட்டியில்தான் அளந்து ஊற்றப்பட்டன. சில்லறை வியாபாரம் சாஷேக்கு முன்னாலேயே இருந்தது, சாஷே அதன்மேல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

2023இல் கிரீன்பீஸ் பிலிப்பைன்ஸும் இம்பாக்ட் ஹப் மணிலாவும், கேசோன் சிட்டி, சான் ஹுவான் ஆகிய இரு நகர நிர்வாகங்களோடு சேர்ந்து ‘கூஹா சா திங்கி’ என்ற திட்டத்தை இந்தக் கடைகளில்தான் தொடங்கின. சலவைத் திரவம், துணியை மென்மையாக்கும் திரவம், பாத்திரம் கழுவும் திரவம் போன்றவை பெரிய கொள்கலன்களில் கடைக்கு வரும். வாடிக்கையாளர் தன் பாட்டிலையோ டப்பாவையோ நீட்டினால், கையில் இருக்கும் பெசோவுக்குத் தகுந்த அளவு அளந்து கிடைக்கும். சில பத்துக் கடைகளில் சோதித்துப் பார்த்துவிட்டு, கேசோன் சிட்டி அதை நகரின் பல பகுதிகளுக்கும் விரித்தது. மேயர் ஜாய் பெல்மாண்ட்டை ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அதே ஆண்டு ‘சாம்பியன்ஸ் ஆஃப் தி எர்த்’ விருதுக்குத் தேர்ந்தெடுத்தபோது எடுத்துக்காட்டிய பணிகளில் இந்த நிரப்பு நிலையங்களும் உண்டு. இதன் கணக்கு எளிது. ஒரு பாக்கெட்டில் 25 மில்லி என்று வைத்துக்கொண்டால், 20 லிட்டர் கேன் ஒன்று 800 பாக்கெட்டுகளின் வேலையைச் செய்கிறது. அந்தக் கேன் திரும்பப் போய் மறுபடி நிரம்பி வந்தால், உறை என்று புதிதாகக் குப்பைக்குச் சேர்வது எதுவும் இல்லை.

இந்தத் திட்டத்தின் அருமை அதன் இடத்தேர்வில் இருக்கிறது என்பதே என் முடிவு. மறுநிரப்பல் உலகத்துக்குப் புதிதல்ல. மணிலாவிலேயே 2019இல் ஒரு பன்னாட்டு நிறுவனம் குளிரூட்டிய வணிக வளாகங்களில் ஷாம்பூ நிரப்பும் நிலையங்களை வைத்துப் பார்த்தது. ஐரோப்பிய நகரங்களில் உறையில்லாக் கடைகள் பத்தாண்டுகளுக்கும் மேலாக இயங்கிவருகின்றன. அவற்றின் பொதுக்குணம், வாடிக்கையாளர் தன் வழக்கத்தை விட்டு அந்த இடம் தேடிப் போக வேண்டும் என்பது. கண்ணாடிப் புட்டிகளைக் கூடையில் அடுக்கிப் பேருந்து ஏறிப் போய் நிரப்பிக்கொள்ள ஓய்வும், ஒரே மூச்சில் ஒரு லிட்டர் வாங்கக் காசும் உள்ளவர்களால்தான் அது முடியும். அவர்கள் வீட்டிலிருந்து சாஷே குப்பை பெரிதாக வருவதும் இல்லை. சாஷே வாங்குபவருக்கு மாற்று வேண்டுமென்றால் அது சாஷே தொங்கும் அதே கம்பிவலைக்குப் பின்னால், அதே அக்காவின் கையில், அதே காசுக்குக் கிடைக்க வேண்டும். நகர நிர்வாகம் சேர்ந்ததால்தான் அது கிடைத்தது. தெருமுனைக் கடைக்குத் தனியாக மொத்தச் சரக்கு பிடிக்கவும், கேனைத் திருப்பி அனுப்பவும் வசதி இல்லை. குழாயும் சாலையும் போடுவது போல நகரம் இதையும் போட்டுத்தர வேண்டியிருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் கனமானது, ஏழைகளுக்கு சாஷேதான் கட்டுப்படியாகிறது என்ற வாதம். இதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. சிறு பாக்கெட் எப்போதும் மில்லிக்கு அதிக விலை என்று இயக்கத்தவர் சொல்வது எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. இந்தியாவில் பல ஷாம்பூக்கள் பாட்டிலைவிட சாஷேயில்தான் மில்லிக்கு மலிவு. விலை மட்டுமா? பாக்கெட் ஒரு கட்டுப்பாடும்கூட. வீட்டில் ஒரு லிட்டர் இருந்தால் கை தாராளமாக ஊற்றும், இருக்கும் வரை யாரும் அளவு பார்க்கமாட்டார்கள். ஒரு பாக்கெட் இன்றோடு முடிந்துவிடும், நாளைய செலவு நாளைக்கு. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் பெரிய பாட்டில்களை வைக்க இடமும் கிடையாது. இவை அத்தனையும் உண்மை. ஆனால் இவை அத்தனையும் சிறு அளவுக்கான நியாயங்கள், உறைக்கான நியாயம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. பத்து பெசோவுக்கு அளந்து ஊற்றும் கடை இருந்தால் கட்டுப்பாடும் கெடாது, இடமும் அடையாது, கடன் நோட்டும் அப்படியே இருக்கும். உறை, அச்சு, அடைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் செலவு கழிவதால் விலையைக் குறைக்கவும் இடம் உண்டு. அப்படிக் குறையாவிட்டால் திட்டம் நிற்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சுற்றுச்சூழல் அக்கறைக்காக ஒரு பெசோ கூடுதலாகக் கொடுங்கள் என்று தினக்கூலிக் குடும்பத்திடம் கேட்பது அநியாயம்.

இரண்டாவது, சுத்தமும் பாதுகாப்பும். தண்ணீர் கலந்த எந்தத் திரவத்திலும் பாக்டீரியா வளரலாம். பொதுக் கழிப்பறைகளில் மேலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றி நிரப்பும் திறந்த வகைச் சோப்புக் கலன்களில் கிருமிகள் பெருகியிருந்ததை அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. பழைய மிச்சத்தின்மேலேயே புதியதை ஊற்றிக்கொண்டு போவதுதான் அங்கே கோளாறு. கேன் முழுதாகக் காலியாகி, கழுவப்பட்டு, ஆலையில் மறுபடி நிரம்பி, மூடியோடு வருகிற முறையில் இதைத் தவிர்க்கலாம். இதைவிட எனக்குக் கவலை தருவது வீட்டுக்குப் போகும் பாட்டில். குளிர்பானப் பாட்டிலில் நீல நிறத் திரவம் இருந்தால் குழந்தை அதை என்னவென்று நினைக்கும்? நம் தெருக்களில் சைக்கிளில் பினாயிலும் ஆசிடும் கொண்டுவந்து கிடைத்த பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் எத்தனை வீடுகளில் விபரீதமாய் முடிந்திருக்கிறது என்பதை அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில் இருப்பவர்கள் அறிவார்கள். அரிக்கும் ஆசிடும் பிளீச்சும் இந்த முறைக்குள் வரவே கூடாது. மற்றவற்றுக்கும் குடிநீர், குளிர்பானப் பாட்டிலை ஏற்காமல், பெயரும் எச்சரிக்கையும் அச்சிட்ட பாட்டிலை முதல் முறை கொடுத்து அதையே திரும்பத் திரும்ப நிரப்புவதை விதியாக்க வேண்டும். இந்தச் செலவைத் திட்டத்தின் ஓரத்தில் விட்டுவிட முடியாது, ஒரு குழந்தை பாதிக்கப்பட்டாலும் அந்தத் தெருவில் மறுநிரப்பல் என்ற பேச்சே எடுபடாது.

மூன்றாவது வாதம் நிறுவனங்களுடையது: உறையை ஒழிக்க வேண்டாம், திரும்பச் சேகரித்தால் போதும். பிலிப்பைன்ஸின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழிவகுத்திருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தாங்கள் வெளியிடும் பிளாஸ்டிக் உறையில் 2023இல் 20 சதவீதம், ஆண்டுதோறும் ஏறி 2028இல் 80 சதவீதம் அளவுக்கு மீட்டெடுக்க வேண்டும். பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்தது நல்ல முன்னேற்றம். ஆனால் சேகரித்த சாஷேயை என்ன செய்வது? பிரிக்க முடியாத அடுக்குகள் கடைசியில் பெரும்பாலும் சிமெண்ட் ஆலையின் சூளைக்கு எரிபொருளாகப் போகின்றன, அல்லது துண்டாக்கிக் கல்லாக வார்க்கப்படுகின்றன. மறுநாள் காலை அதே எண்ணிக்கையில் புதிய சாஷே அச்சாகிறது. நிறுவனம் அறிக்கையில் மீட்டுவிட்டேன் என்று எழுதலாம், உறையின் தேவை ஒன்றுகூடக் குறைந்திருக்காது.

அப்படியானால் தடை செய்துவிடலாமே என்பவர்கள் இலங்கையைப் பார்க்க வேண்டும். உணவும் மருந்தும் நீங்கலாக, 20 மில்லிக்கு உட்பட்ட சாஷேக்களை இலங்கை 2021 மார்ச் 31 முதல் தடை செய்தது. சிறு பாக்கெட்டுகள் நான்கைச் சேர்த்து ஒட்டி, மொத்த அளவு வரம்பைத் தாண்டியதாகக் காட்டி விற்கும் வழியை ஒரு பெருநிறுவனம் கண்டுகொண்டது; வாங்குகிறவர் கிழித்தால் பழைய சாஷேதான். நிறுவனத்தின் தந்திரம் கண்டிக்கத்தக்கது. ஆனாலும் தெருமுனையில் வேறு வழி ஒன்று தயாராக இல்லாதபோது தடை எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் அது காட்டுகிறது. ஜப்பானிலோ நேரெதிர் அனுபவம். தடை ஏதும் இல்லாமலே, 1990கள் தொடங்கி, ஷாம்பூவுக்கும் சலவைத் திரவத்துக்கும் மறுநிரப்பு உறைகள் அங்கே வீட்டுவழக்கமாகிவிட்டன. பாட்டில் பிளாஸ்டிக் பெருமளவு மிச்சமானது. ஆனால் அந்த நிரப்பு உறையும் பல அடுக்குப் படலம்தான் என்பதால், அதைத் தனியே சேகரித்து மீண்டும் உறையாக்க வழிதேடும் திட்டத்தைக் கோபே நகரம் பல நிறுவனங்களோடு 2021இல் தொடங்க வேண்டி வந்தது. ஓர் உறையிலிருந்து இன்னோர் உறைக்கு மாற்றி ஊற்றுவது பாதி வழிதான்.

கேசோன் சிட்டியின் முறையிலும் குறை உண்டு. இந்தக் கடைகளின் கேன்களில் வருவது பெரும்பாலும் உள்ளூர்த் தயாரிப்பாளர்களின் சரக்கு. தொலைக்காட்சியில் முப்பது ஆண்டுகளாகக் கேட்ட பெயரும் பழகிய வாசனையும் பக்கத்துச் சரத்தில் தொங்கும்போது, பெயர் தெரியாத திரவத்தை நம்பி பாட்டிலை நீட்ட வேண்டும். சிலர் நீட்டுகிறார்கள், கடைக்கார அக்காவின் சொல்லை நம்பி. எல்லோரும் நீட்டமாட்டார்கள், அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. கலப்படத்துக்கு அஞ்சுவது ஏழைக்குத்தான் கட்டாயம், துணி வெளுத்துப் போனால் மாற்றுத் துணி அவருக்கு இல்லை. பெருநிறுவனங்கள் தங்கள் சலவைத் திரவத்தையும் பாத்திரத் திரவத்தையும் முத்திரையிட்ட 20 லிட்டர் கேன்களில் சாரி-சாரி கடைகளுக்குக் கொடுத்தால் இந்தத் தயக்கம் பெருமளவு தீர்ந்துவிடும். ஊர் ஊராகச் சரக்கு சேர்க்கும் வண்டிகள் அவர்களிடம் ஏற்கெனவே உண்டு. நிரம்பிய கேனை இறக்கிவிட்டுக் காலிக் கேனை ஏற்றிவரும் வேலை அந்த வண்டிகளுக்குப் புதிய பாரம் அல்ல.

2022ஆம் ஆண்டுச் சட்டமே, மீட்டெடுப்போடு கூட, மறுபயன்பாட்டுப் பொருள்களுக்கு மாறுவதையும் தயாரிப்பாளர் செய்யத்தக்க வழிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. அந்த வரியை விருப்பமாக விடாமல் அளவுகோலாக மாற்ற வேண்டும்: ஆண்டு விற்பனையில் எத்தனை லிட்டர் உறையில்லாமல் போயிற்று என்று ஒவ்வொரு நிறுவனமும் கணக்குக் காட்ட வேண்டும், அந்த அளவு ஆண்டுக்கு ஆண்டு ஏற வேண்டும். கேசோன் சிட்டியில் பரங்காய் எனப்படும் 142 உள்ளூர் நிர்வாகப் பிரிவுகளிலும் எந்தக் கடைக்கு எப்போது எவ்வளவு விற்கிறது என்ற விவரத்தைப் பெருநிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகள் ஏற்கெனவே கையில் வைத்திருக்கின்றன. கேன் போக வேண்டிய முதல் கடைகளை அந்தப் பட்டியலிலிருந்தே இன்றைக்கே தேர்ந்தெடுக்க முடியும்.